ஜுவைரியாவும் ரெட்டை ஸ்பீக்கர் ஹெட்செட்டும்

ஜுவைரியாவின் காதுத் துவாரம் ரொம்பச் சின்னது. வெளியே மடல் எல்லாரையும் போலத்தான் இருக்கும். ஆனால் கடையில் விற்கிற எந்த ஹெட்செட்டும் அந்தக் காதில் செத்த நேரம்கூட ஒழுங்காக நிற்காது. ஒன்று வழுக்கி விழும், இல்லையென்றால் குடைந்து வலியெடுக்கும். அவள் புருஷன் நைனா முகமதுவின் காதுக்கு அந்தத் தொந்தரவே கிடையாது. "எங் காதுல எதைச் செருகுனாலும் கெணத்துல கல்லப் போட்டாப்புல கெடக்கும்" என்று அவரே சொல்லிக்கொள்வார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடையை ஒட்டி அவருடைய செல்போன் சாமான் கடை இருக்கிறது. சார்ஜர், கவர், கண்ணாடி ஒட்டுவது, ஹெட்செட். கம்பி இருந்தாலும் சரி, கம்பி இல்லாவிட்டாலும் சரி, காதுக்குள் போவது என்றால் அங்கே வருகிறவர்களுக்கு எல்லாமே ஹெட்செட்தான். கடைக்குப் பின்னால் ஓர் அறை, அதற்கும் பின்னால் வீடு. கல்யாணமாகி சில வருஷம் வரைக்கும் ஜுவைரியா தினமும் பஸ் ஏறி இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லுக்குப் போய் வந்துகொண்டிருந்தாள். மூத்த மகள் பிறந்த பிறகு வேலையை விட்டுவிட்டுக் கடையோடு நின்றுகொண்டாள்.

வாங்கிக்கொண்டு போன ஹெட்செட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே புகாரைத்தான் சொல்வார்கள்.

"பாய், காது கடுகடுன்னு வலிக்கு. போட்டுக்கிட்டு இருக்க முடியல."

நைனா போட்டுப் பார்ப்பார். அவருக்கு ஒன்றும் வலிக்காது. கடைசியில் ஒருநாள் உள்ளே எட்டிப் பார்த்து, "ஏட்டி, இதைச் செத்த போட்டுப் பாரு. ஒனக்கு வலிக்கலன்னா ஊர்ல யாருக்கும் வலிக்காது" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவள் பார்க்கிற முறையே தனி. காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்கமாட்டாள். மாவாட்டுவாள், துணி பிழிவாள், குனிந்து வீடு கூட்டுவாள். முக்காட்டை இறுக்கிப் போட்டுப் பார்ப்பாள். துணி அழுத்தினால் சில ஹெட்செட் பத்து நிமிஷத்தில் காதைப் புண்ணாக்கிவிடும். ஒருக்களித்துப் படுத்துத் தலையணையில் காதை அழுத்திப் பார்ப்பாள். சத்தத்துக்கு ஒரு வில்லுப்பாட்டுப் பதிவு, ஒரு பட்டிமன்றம், குர்ஆன் ஓதல், செய்தி வாசிப்பு என்று வைத்திருந்தாள். குடமும் உடுக்கையும் தனித்தனியாகக் கேட்கிறதா, பேசுகிறவர் கூட இருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதா, பானைக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருக்கிறதா என்று பார்ப்பாள்.

ஒரு தடவை கான்சாபுரத்திலிருந்து ஒருவர் இரண்டு ஹெட்செட்டின் படத்தை அனுப்பி எது நல்லது என்று கேட்டார். தோசை சுட்டுக்கொண்டிருந்த ஜுவைரியா குரலிலேயே பதில் அனுப்பினாள். அதை அவர் நாலு பேருக்குத் தள்ளிவிட, நாலு பேர் நாப்பது பேருக்குத் தள்ளிவிட, "அந்த அக்காகிட்ட இன்னொண்ணு கேட்டுச் சொல்லுங்க" என்று கடைக்கே ஆள் வர ஆரம்பித்தது. பிறகு யூடியூபில் 'காதுக்கு எதமா' என்று ஒரு சேனல். முகம் காட்டமாட்டாள். மேஜை, ஹெட்செட், மருதாணி போட்ட விரல்கள், குரல், அவ்வளவுதான். லாரி ஓட்டுகிறவர்கள், துபாயில் வேலை பார்க்கிறவர்கள், பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் என்று கேட்கிற கூட்டம் ஒன்று சேர்ந்தது. பெரிய ஊர்க்காரர்கள் பேசுகிற மாதிரி அவள் கணக்கெல்லாம் பேசமாட்டாள். "இதுல பேஸ் இருக்கு, ஆனா அடுத்த வீட்டுக் கல்யாணத்து மேளம் மாதிரி செவுத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு" என்பாள். கேட்டவர்களுக்குப் புரிந்துவிடும்.

போன ஆவணி வாக்கில் நைனா ஒரு புதுச் சரக்கு கொண்டுவந்தார். ஹைபிரிட் என்றார்கள். ஒரே கூட்டுக்குள் இரண்டு விதமான ஸ்பீக்கர். அடிச் சத்தத்துக்கு மேளத் தோல் மாதிரி அதிர்கிற ஒன்று, மேல் சத்தத்துக்கு அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிசாக உலோகத்தில் ஒன்று. விலை கூடின ஹெட்செட்டில் மட்டும் இருந்த சமாச்சாரம் இப்போது சாதாரண விலைக்கே வந்துவிட்டது. கூடு கண்ணாடி மாதிரி. உள்ளே இருப்பதெல்லாம் வெளியே தெரிந்தது. கம்பியைக் காதுக்கு மேலே சுற்றி, பின்பக்கமாகக் கொண்டுவர வேண்டும்.

ஜுவைரியா இரண்டு நாள் அதைக் காதிலேயே வைத்திருந்தாள். முனையில் மாட்டக் கூடவே வந்த ரப்பர்களில் ஆகச் சின்னதை மாட்டினாள். கம்பியைக் காதுக்கு மேலே சுற்றியதால் முக்காட்டில் இழுபடவில்லை. கூடு காதுக் குழியில் பிறந்த மாதிரி உட்கார்ந்தது. குடச் சத்தம் வயிற்றில் வந்து விழுந்தது. வில்லுப்பாட்டுக்காரர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது. இவ்வளவு வருஷத்தில் தன் காதுக்கென்று ஒன்று செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"மேல் சத்தம் எப்படின்னு கேப்பீங்க," என்று வீடியோவில் சொன்னாள். "அம்புட்டு மெதுவு. வெண்ணெய் மாதிரி. நாள் முழுக்கப் போட்டாலும் காதை உறுத்தாது."

அந்த வீடியோவைத்தான் அதிகம் பேர் பார்த்தார்கள். நைனா இரண்டாவது தடவையும் சரக்குப் போட்டார்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஒரு மத்தியானம் காக்கி உடுப்போடு ஒரு பெண் கடைக்குள் வந்தாள். பெயர் வெங்கடேஸ்வரி, மகளிர் காவல் நிலையத்தில் கான்ஸ்டபிள். வீடு இராஜபாளையம். எஸ்.ஐ. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், ரயிலில் வரும்போதும் போகும்போதும் பாடம் கேட்பதற்காக அந்த ஹெட்செட்டை வாங்கியிருந்தாள். டப்பாவைக் கண்ணாடி மேஜையில் வைத்தாள்.

"பாய், இதைப் பத்திப் பேசுன அக்கா எங்க? அவியளப் பாக்கணும்."

போலீஸ் தேடி வந்தது என்று நைனாவுக்கு ஒரு கணம் முகம் மாறியது. ஜுவைரியா உள்ளேயிருந்து வந்தாள்.

"நான்தாம்மா. என்ன ஆச்சு?"

"அக்கா, வெண்ணெய் மாதிரின்னு சொன்னீங்கல்லா? எனக்கு வெண்ணெய் இல்ல, பிளேடு. பாடம் எடுக்கிற வாத்தியார் சட்டம்பாரு, சாட்சிம்பாரு, சந்தேகம்பாரு. ஒவ்வொரு 'ச'வுக்கும் காதுக்குள்ள ஊசி வச்சுக் குத்துனாப்புல இருக்கு. சட்டப் புத்தகத்துல 'ச' இல்லாத வரி எங்க இருக்கு சொல்லுங்க."

ஜுவைரியாவுக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஒரு ஜோடி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து வாங்கி, அவளுடைய போனிலேயே அந்தப் பாடத்தைக் கேட்டாள். வாத்தியார் கணீரென்று பேசினார். எதுவும் குத்தவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. மச்சான், நீங்க கேளுங்க."

நைனா மாட்டினார். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் தயங்கினார். "ஆமாட்டி. லேசாக் குத்தத்தான் செய்யுது."

"ஒங்களுக்கா? கெணத்துக் காதுக்கா?"

புதுப் பெட்டி ஒன்றைப் பிரித்து மாட்டிப் பார்த்தார்கள். அதுவும் அப்படித்தான். வெங்கடேஸ்வரிக்கு இது ஒரு வழக்கு மாதிரி ஆகிவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, யூடியூபில் ஒரு சோதனைச் சத்தத்தைத் தேடி எடுத்தாள். அடியில் 'ம்' என்று ஆரம்பித்து, விசில் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே போகிற சத்தம். ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, போனைக் கடையில் இருந்த நல்ல ஸ்பீக்கர் ஒன்றில் மாட்டினாள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் ஏறியது, ஏறியது, நின்றது.

"முடிஞ்சுபோச்சா? அம்புட்டுத்தானா?" என்று ஜுவைரியா கேட்டாள்.

வெங்கடேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு காதைக் கையால் பொத்தியிருந்தாள். நைனாவும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். போனில் வீடியோவின் கோடு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் இன்னும் நிற்கவில்லை. அவளுக்குத்தான் நின்றுபோயிருந்தது.

கடை வாசலில் ஒரு ஆட்டோ போனது. பால்கோவாக் கடையில் யாரோ சில்லறை கேட்டார்கள். அதெல்லாம் தெளிவாகக் கேட்டது. அதனால் அவளுக்கு அந்த விஷயம் உடனே மனசில் இறங்கவில்லை. "இன்னொரு வாட்டி போடும்மா" என்றாள். இன்னொரு தடவையும் அதே இடத்தில் நின்றது.

வெங்கடேஸ்வரி போனை அணைத்தாள். வந்தபோது இருந்த வேகம் அவளிடம் இல்லை. "அக்கா, டாக்டர் ஒருத்தரப் பாத்திருங்க. பயப்பட ஒண்ணுமில்ல. பாத்திருங்க" என்று சொல்லிவிட்டு, திருப்பித் தர வந்த டப்பாவை அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் இராஜபாளையத்தில் காது மூக்குத் தொண்டை டாக்டர் ஒருவரிடம் போனார்கள். ஜுவைரியாவைக் கண்ணாடிக் கூண்டு ஒன்றுக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். முதலில் சட்சட்டென்று அமுக்கினாள். பிறகு நீளமாக ஓர் அமைதி. மெஷினை நிறுத்திவிட்டார்கள் போல என்று நிமிர்ந்து பார்த்தால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் இன்னும் எதையோ திருகிக்கொண்டுதான் இருந்தாள்.

டாக்டர் வரைபடத்தைப் பார்த்தார். கோடு நேராக வந்து, ஓர் இடத்தில் படி இறங்குகிற மாதிரி இறங்கியிருந்தது. இரண்டு காதும் ஒன்று போல.

"மில்லுல வேலை பார்த்தீங்களாம்மா?"

அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்கவில்லை. "ஆமா சார். ஸ்பின்னிங்ல."

"காதுக்கு ஒண்ணும் குடுக்கலயா?"

"குடுத்தாங்க சார். ரப்பர்ல அடைப்பான் குடுத்தாங்க. போட்டா எனக்கு வலிக்கும். சூப்பர்வைசர் வரும்போது மாட்டுவேன், போனதும் கழட்டிப் பையில போட்டுக்கிருவேன். பஞ்சத் திரிச்சு வச்சுக்குவேன் சில நாளு."

"சின்ன சைஸ் கேட்டிருக்கலாமே."

"சின்ன சைஸ்னு ஒண்ணு இருக்குன்னே அப்பத் தெரியாதே சார்."

டாக்டர் வரைபடத்தை மடித்து வைத்தார். போனது திரும்பாது, ஆனால் இருப்பதைக் காப்பாற்றலாம், இப்போதைக்குக் காதுக் கருவி வேண்டாம், ஹெட்செட்டில் சத்தத்தைக் குறைத்தே வையுங்கள், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து பாருங்கள் என்றார். மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. அது அவளுக்கு என்னவோ போல இருந்தது. எதையாவது வாங்கிக்கொண்டு வெளியே வந்திருந்தால் தேவலாம் என்று தோன்றியது.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். நைனா பக்கத்தில் இருந்தார். மலையடிவாரக் காட்டில் இருக்கிற செண்பகத்தோப்புக்கு ஒரு தடவை எல்லாரும் கட்டுச்சோறு கொண்டுபோனது அவள் ஞாபகத்துக்கு வந்தது. "சில்வண்டு காதத் தொளைக்குதுல்லா" என்று நைனா சொன்னார். பிள்ளைகள்கூடக் காதைப் பொத்திக்கொண்டன. காடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது, இவர் எதற்கு இப்படிச் சொல்கிறார் என்று நினைத்து அவள் பேசாமல் இருந்துவிட்டாள்.

"மச்சான், சில்வண்டு எப்பிடிச் சத்தம் போடும்?"

நைனா யோசித்தார். செய்துகாட்ட வாயைக் குவித்து முயற்சி பண்ணினார். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். விட்டுவிட்டார்.

கொஞ்ச தூரம் போன பிறகு அவரே மெல்லச் சொன்னார்: "நான் கூப்புட்டும் நீ திரும்பாம போன நேரமெல்லாம், கோவத்துல இருக்கேன்னு நெனச்சுக்கிட்டேன். எம்புட்டு நாளு நானும் பதிலுக்குப் பேசாம இருந்திருக்கேன்."

அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் நிற்கிற வரைக்கும் விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வழக்கம் போல எல்லாம் நடந்தது. ஆனால் ஹெட்செட் பெட்டி ஒன்றையும் அவள் பிரிக்கவில்லை. பழைய வீடியோக்களை ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்தாள். 'மெதுவா இருக்கு', 'உறுத்தாது', 'சுகமா இருக்கு'. சுகம் என்று அவள் சொன்னது இரண்டு வகை. கூடு காதில் உட்கார்கிற சுகம் ஒன்று. அதில் அவள் தப்பவில்லை. சத்தம் தருகிற சுகம் இன்னொன்று. அதில் பாதி அவளுக்குக் கேட்கவே இல்லை. துபாயில் ஒருவர் அவள் சொன்னதை நம்பி வாங்கிக் காதை வலியாக்கிக்கொண்டிருப்பாரோ என்று அடுப்படியில் நின்று நினைத்துக்கொள்வாள். சேனலில், "அக்கா எங்க, ஆளக் காணோம்?" என்று கேட்டு வந்தவர்களுக்குப் பதில் போடவில்லை.

அந்த மாசக் கடைசியில் வெங்கடேஸ்வரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை உடுப்பில் இல்லை; சுடிதார் போட்டுக்கொண்டு, கையில் வாழைப்பழச் சீப்போடு வந்தாள். விவரம் எல்லாம் கேட்டாள். ஜுவைரியா மறைக்காமல் சொன்னாள்.

"இனி நான் பேசுறது நல்லாயிருக்காதும்மா. காது கேக்காதவ ஹெட்செட்டப் பத்தி என்னத்தப் பேச?"

"காது கேக்கலன்னு யாரு சொன்னா? மேல கொஞ்சம் கேக்கல, அம்புட்டுத்தானே. எனக்கு உங்கள மாதிரி நிறுத்தி நிதானமாப் பேசத் தெரியாது. எந்த ஹெட்செட் போட்டாலும் வலிக்கா வலிக்கலயான்னு சொல்லத் தெரியாது. ஒரு சாட்சி பாக்காதத இன்னொரு சாட்சி பாத்திருப்பான். ரெண்டு பேரையும் விசாரிச்சாத்தான் கேஸ் நிக்கும்."

"அப்ப நீங்க வந்து பேசுவீங்களா?"

"பேச வேண்டாம். குத்துதா குத்தலயான்னு மட்டும் சொல்றேன். பரீட்சை முடியட்டும், பொறவு பேசுறத வச்சுக்குவோம்."

அன்றைக்கே ஜுவைரியா மேஜையைத் துடைத்துவிட்டுப் போனை நிறுத்திவைத்தாள். அந்த ஹைபிரிட் ஹெட்செட்டையே மறுபடி எடுத்து வைத்தாள். பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் மூன்று தடவை தண்ணீர் குடித்தாள்.

"போன வீடியோல இதோட மேல் சத்தம் வெண்ணெய் மாதிரின்னு சொன்னேன். அது எனக்குக் கேட்ட மாதிரி. மில்லு வேலையில எனக்கு அந்த மேல் சத்தம் போயிருச்சுன்னு இப்பத்தான் தெரிஞ்சது. சரியாக் கேக்குற காதுக்கு இது 'ச', 'ஸ' வார இடத்துல குத்துது. இந்தச் சின்ன ரப்பரக் கழட்டிட்டு, ஸ்பான்ஜ் மாதிரி இருக்குல்லா, அந்த முனையப் போட்டா குத்துறது பாதியாக் கொறையும். இத எனக்குக் கேட்டுச் சொன்னது வெங்கடேஸ்வரி. காதுல உக்கார்ற விஷயத்துல நான் சொன்னது சொன்னதுதான். இதுக்கு மேல எதமா ஒண்ணு நான் போட்டதில்ல."

வேறு எதுவும் சேர்க்காமல் அப்படியே போட்டுவிட்டாள்.

கேலி செய்தவர்களும் இருந்தார்கள். செவிடு சொல்லும் விமர்சனம் என்று ஒருவன் எழுதினான். கொஞ்சம் பேர் சேனலை விட்டுப் போனார்கள். நைனா போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். இரண்டு நாள் கழித்து அவரே கொண்டுவந்து நீட்டினார். "இதப் படி" என்றார். சோழபுரத்திலிருந்து ஓர் ஆள் எழுதியிருந்தார், பெயர் சீனிச்சாமி. "தங்கச்சி, நானும் மில்லுதான். மழைக்காலத்துல பூச்சி சத்தமே இல்லியேன்னு வீட்ல சொல்லுவேன். எம் பொண்டாட்டி என்னையப் பைத்தியம் மாதிரி பாப்பா. உங்க வீடியோவ அவளுக்குக் காட்டுனேன்." அதற்குக் கீழே இன்னும் நிறையப் பேர், கோயம்புத்தூர்ப் பக்கம், திண்டுக்கல் பக்கம், தறி ஓட்டுகிறவர்கள், பட்டறைக்காரர்கள். டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சிலர். மில்லில் தரும் அடைப்பான் தனக்கும் வலிக்கிறது, சின்னது எங்கே கிடைக்கும் என்று இரண்டு பெண்கள் கேட்டிருந்தார்கள். ஜுவைரியா அவர்கள் இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் குரலிலேயே பதில் அனுப்பினாள். வழக்கம் போல அடுப்படியில் நின்றுகொண்டுதான்.

வெங்கடேஸ்வரியின் பரீட்சை தை மாசம் முடிந்தது. முடிவு இன்னும் வரவில்லை. வாரத்துக்கு ஒருநாள், வேலை முடிந்து ரயிலுக்குப் போகும் வழியில் கடையின் பின்னறைக்கு வந்துவிடுகிறாள். பேசத் தெரியாது என்று சொன்னவளை இப்போது நிறுத்துவதுதான் சிரமமாக இருக்கிறது. இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிற ஹெட்செட் அபூர்வம். போன வாரம் வந்த இன்னொரு ஹைபிரிட் வெங்கடேஸ்வரிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

"மேல் சத்தம் அப்பிடியே பளிங்கு மாதிரி இருக்கு. ஆனா குத்தல. சலங்கை ஒவ்வொண்ணாக் கேக்கு அக்கா."

"சலங்கை இருக்கட்டும். காதுக்குள்ள போற இந்த மூக்கு எம்புட்டுத் தடிமன் பாத்தீங்களா? அரை மணி நேரம் போட்டேன், இடது காது செவந்துபோச்சு. முக்காடு போட்டா இன்னும் அழுத்துது."

"நான் முக்காடு போடலயே."

"தொப்பி போடுவீங்கல்லா ஈஸ்வரி? அதப் போட்டுட்டு வந்து பேசுங்க."

நைனா இரண்டு டம்ளரில் டீயைக் கொண்டுவந்து வைத்தார். இவர்கள் சண்டையை யாரோ பார்த்து வாங்குகிறார்களே என்று அவருக்கு இன்னமும் ஆச்சரியம். பேச்சு பதிவாகிக்கொண்டிருக்கும்போதே வெங்கடேஸ்வரிக்கு ஸ்டேஷனிலிருந்து அழைப்பு வந்தது. டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தாள். வாசல்படி இறங்கியவள், அங்கிருந்தே கத்தினாள்:

"அக்கா, நான் சலங்கையப் பத்திச் சொன்னத வெட்டிராதீங்க!"

"வெட்டல, போங்க" என்று ஜுவைரியா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். பிறகு நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, அந்தத் தடித்த மூக்கை விரலில் பிடித்துக் காட்டி, மிச்சத்தைச் சொல்ல ஆரம்பித்தாள்.